வாஷிங்டன் அண்ணையின் 'உள்வழி'

சென்ற வாரம் என் மருமகன் அமெரிக்கா போவதற்கான அனுமதியை எங்கள் சமையலறையில் நின்றபடியே எடுத்துவிட்டான். நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் கைபேசியுமாகக் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்று எதையோ தட்டினான். கடவுச்சீட்டைப் படம் பிடித்தான், பிறகு தன் முகத்தையும் படம் பிடித்தான். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வரும்போது அனுமதி வந்திருந்தது.

"சரி மாமா, முடிஞ்சுது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரையேறி, மனைவி ஓடிவந்து முதுகில் தட்டுகிற அளவுக்குச் சிரிப்பு. "இதில சிரிக்க என்ன இருக்கு?" என்று அவன் முழிக்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்ல? ஒரு காலத்தில் அமெரிக்கா போகிற வழி என் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது என்று சொன்னால், மாமாவுக்கு வயது போய்விட்டது என்று மகளிடம் சொல்வான். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு விமானம் பிடிக்கிற அவசரம் இல்லைத்தானே.

எல்லாம் அந்தப் பொரித்த எண்ணெய் மணத்தில் இருந்துதான் தொடங்குகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் தஞ்சம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். அதை நாங்கள் 'அசூல் அடிச்சிருக்கிறம்' என்று சொல்வோம். ஏதோ பந்தடித்தது போல. எண்ணெய் மணம் சட்டையில் ஏறினால் பேருந்தில் வெள்ளைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்து, பொரிக்கும்போது எங்கள் சட்டைகளை எல்லாம் குளியலறைக்குள் வைத்துப் பூட்டுவோம். மணமோ சட்டைக்கு முன்னமே அங்கே போய்க் குந்தியிருக்கும்.

நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காய்கறி வெட்டினேன். இரண்டாமவன் யோகன். அலுவலகங்கள் துடைப்பவன், படம் கீறுபவன். ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன் என்பதால், எதைக் கீறினாலும் அதில் ஒரு விளம்பரக் களை இருக்கும். மூன்றாமவர் அருளம்பலம் அண்ணை.

அருளம்பலம் அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்தவர். நாற்பதைக் கடந்தவர், கலியாணம் கட்டாதவர். "எனக்கு உலக அரசியல் போதும், அதுக்குள்ள இன்னொரு வல்லரசை வீட்டுக்குள்ள கொண்டுவர ஏலாது" என்பார். அமெரிக்காவின் அரசியல் வரலாற்றைத் தமிழில் பெரிதாக எழுத வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. எழுதியும் இருந்தார். ஆனால் அவர் எழுதி அடுக்கி வைத்திருந்த கட்டுகள் எல்லாம் அந்தப் பத்திரிகையின் அச்சகம் எரிந்தபோது அதோடு போய்விட்டன. இங்கே வந்து, அதை முதலில் இருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருந்தார்.

அவருக்கு வேலை ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். கட்டில் விரிப்புகளைப் பெரிய யந்திரங்களுக்குள் தள்ளி எடுக்கிற வேலை. பகல் முழுக்கத் துணி தோய்ப்பு, மாலை முழுக்க அமெரிக்கா. ஆகவே யோகன் அவருக்கு வைத்த பெயர் 'வாஷிங்டன்'. பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியதில் அவருக்கே பெருமை.

"ஏன் அண்ணை அமெரிக்கா? எங்கட நாட்டைப் பற்றி எழுதலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட வீட்டுக் கூரை ஒழுகுதெண்டு எங்களுக்குத் தெரியும். மழை எங்கயிருந்து வருதெண்டும் ஆராவது பாக்க வேணாமோ?" என்றார்.

அமெரிக்க ஜனாதிபதியும் சோவியத் தலைவரும் ஜெனீவாவில் சந்தித்தார்களே, அந்தக் குளிரில் அண்ணையும் ஜெனீவாவுக்குப் போனார். பத்திரிகையாளர் அல்லவா! யோகனின் கோட்டை இரவல் வாங்கி, என்னுடைய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, பையில் குறிப்புத்தாளும் இடியப்பமுமாகப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்து, தும்மிக்கொண்டு வந்தார்.

"கண்டியளோ அண்ணை?"

"கறுப்புக் கார் ஒண்டைக் கண்டனான்."

"உள்ளுக்கு ஆர்?"

"அது தெரியேல்லை. ஆனா கார் யோசிச்சு யோசிச்சுத்தான் போச்சுது" என்றார். அந்த ஒரு காரை வைத்து இரண்டு அத்தியாயம் எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனவர், மூன்று நாள் எழும்பவில்லை.

எழுத்து வேலைக்கு அவரிடம் ஒரு தமிழ்த் தட்டச்சு யந்திரம் இருந்தது. லண்டனில் இருந்து யார் யார் கையிலோ மாறி மாறி வந்து சேர்ந்தது. வரும் வழியில் அதற்கு 'ழ' போய்விட்டது. மற்ற எழுத்துகள் எல்லாம் விழும், 'ழ' மட்டும் விழாது. அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விட்டு மேலே அடித்துக்கொண்டு போவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி இருந்து, கறுப்புப் பேனையால் ஒவ்வொரு வெற்றிடத்திலும் 'ழ' போடுவோம். அமெரிக்க வரலாற்றில் இத்தனை 'ழ' இருக்கும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். அரசுகள் எழுந்தன, விழுந்தன. கிழக்கில் இருந்து மேற்கே போனார்கள். ஒப்பந்தங்களைக் கிழித்தார்கள். ஏழைகள் உழைத்தார்கள், உழுதார்கள், அழுதார்கள். எனக்கு இன்றைக்கும் அமெரிக்க வரலாற்றில் 'ழ' உள்ள வசனங்கள் மட்டும் நன்றாகத் தெரியும். செனட் சபையைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவேன். அதில் 'ழ' இல்லை.

புத்தகம் இரண்டு பாகம் என்று திட்டம். முதற் பாகம் அமெரிக்காவின் உள்நாட்டு அரசியல், இரண்டாம் பாகம் வெளியுறவுக் கொள்கை. தலைப்பு வைக்கிற நாள் வந்தது. அண்ணை தாளைத் தூக்கிக் காட்டினார்: 'அமெரிக்கா: உள்வழியும் வெளிவழியும். முதற் பாகம் – உள்வழி.'

யோகன் தலையைச் சொறிந்தான். "அண்ணை, இந்த 'வழி' எண்டதை எங்கட சனம் வேற மாதிரி விளங்கிக்கொள்ளும்."

"அப்ப 'நெறி' எண்டு போடட்டோ?"

"நெறி எண்டால் தேவாரப் புத்தகம் எண்டு நினைப்பினம்."

"அப்ப வழியே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். வாசகனைக் குறைவாக நினைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அட்டைப்படம் யோகனின் பொறுப்பு. அமெரிக்க வரைபடத்தைக் கீறி, குடியேறிகள் எப்படி நாட்டுக்குள் பரவினார்கள் என்று சிவப்பு அம்புக்குறிகளால் காட்டச் சொன்னார் அண்ணை. அத்திலாந்திக் கடல் பக்கம் இருந்து உள்ளே நாலைந்து அம்பு. அமெரிக்கப் படை மெக்சிக்கோவுக்குள் போனதைக் காட்ட ஒரு அம்பு. யோகன் இந்தக் கடைசி அம்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டான். மெக்சிக்கோவில் இருந்து அமெரிக்காவுக்குள், கொழுத்த, வளைந்த, மிக அழகான அம்பு. பெயர்ப்பலகைக் கடைக்காரன் கை அல்லவா, தூரத்தில் நின்றாலும் தெரியும். இதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

பக்கத்துத் தேவாலயத்துப் போதகர் மிக நல்ல மனிதர். தேவாலயத்துப் பிரதி எடுக்கும் யந்திரத்தை எங்களுக்குத் தந்தார். அது சூடேறி, புகை விட்டு, இரண்டு தரம் இறந்து பிழைத்து, ஒருவழியாகப் புத்தகம் வெளியே வந்தது. தைத்து, ஒட்டி, பெட்டிகளில் அடுக்கினோம். இடம் எங்கே? என் கட்டிலுக்கு அடியில். அதற்குப் பிறகு கட்டில் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. புரண்டு படுத்தால் அமெரிக்கா முதுகில் குத்தும்.

இனித்தான் கதை.

தமிழ்ப் புத்தகம் ஒன்றை சுவிஸில் அந்தக் காலத்தில் விற்பது லேசான காரியம் இல்லை. கதைப் புத்தகம் என்றாலும் இரவல்தான் கேட்பார்கள். அப்படியிருக்க, அமெரிக்க அரசியல் வரலாற்றை யார் வாங்குவான்? பழக்கத்தில் உள்ள நாலைந்து பேர் இரக்கத்தில் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு கலியாண வீட்டில் யோகன் முதலில் பத்துப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தான். மாப்பிள்ளை தாலி கட்டு முன் பத்தும் முடிந்துவிட்டது. அடுத்த கிழமை சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் இருந்து ஒருவர் ரயிலேறி வந்து இருபது கேட்டார். தொலைபேசி இல்லாத எங்கள் வீட்டுக்குத் தேவாலயத்தின் தொலைபேசியில் ஆட்கள் எடுத்து, போதகரிடம் "அமெரிக்கா, அமெரிக்கா" என்றார்கள். அவர் படியேறி வந்து, "உங்கள் புத்தகத்துக்கு இவ்வளவு ஆட்களா!" என்று அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அண்ணைக்குக் கால் நிலத்தில் இல்லை. "பாத்தியோ? எங்கட சனத்துக்கு உலக அரசியல் விளங்காதெண்டு சொன்னவன் ஆரடா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். சலவைப் பகுதியில் அவர் விரிப்புகளை மடிக்கிற விதமே மாறிவிட்டது என்று கூட வேலை செய்த பெண் ஒருத்தி சொன்னாள். ஏதோ நாடுகளின் வரைபடத்தை மடிப்பது போல மடித்தாராம்.

எனக்குச் சந்தேகம் தட்டியது பேர்ண் ரயில் நிலையத்தில்தான். தெரிந்த பெடியன் ஒருவன் என்னை ஓரமாக இழுத்துப்போய், காதுக்குள் கேட்டான்: "அண்ணை, முதலாம் பாகம் முழுக்கப் பாத்திட்டன். ஒண்டும் வெளிப்படையாப் போடேல்லை. சரியான வழி ரெண்டாம் பாகத்திலயோ?"

"என்ன வழி?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை. "விளங்குது, விளங்குது. எழுத்தில போட ஏலாதுதானே" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து அட்டையை நிமிர்த்திவைத்து நிதானமாகப் பார்த்தேன். 'அமெரிக்கா – உள்வழி.' சிவப்பு அம்புக்குறிகள். மெக்சிக்கோவில் இருந்து கொழுத்து வளைந்து உள்ளே போகிற அந்த அழகான அம்பு. யோகனைக் கூப்பிட்டேன். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் கட்டிலில் இருந்துவிட்டோம். சனம் எல்லாம் இதை, அமெரிக்காவுக்குள் களவாகப் போவதற்கான கைநூல் என்று நினைத்து வாங்கியிருக்கிறது! சுவிஸில் அசூல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று நெஞ்சிடியோடு இருந்த காலம். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று கிழமைக்கு ஒரு கதை வரும். கனடா, அமெரிக்கா என்று ஒரு வாசல் தெரிந்தாலே ஆட்கள் எழும்பி நிற்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"அண்ணைக்குச் சொல்லுவமோ?" என்றேன்.

யோகன் எட்டிப் பார்த்தான். அண்ணை சமையலறையில் புட்டு அவித்துக்கொண்டு, ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நாங்கள் பழகிய காலத்தில் அவர் பாடியதே இல்லை. "நீ சொல்லு" என்றான் யோகன். "நீதானே அம்பு கீறினாய், நீ சொல்லு" என்றேன். இப்படியே, வெளியீட்டு விழா நாளும் வந்துவிட்டது.

விழா தேவாலயத்து மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதிரைகள் போதாமல் சனம் சுவரோரம் நின்றது. பேர்ண், துன், சூரிச் பக்கம் என்று எல்லா இடத்தாலும் வந்திருந்தார்கள். போதகர் முன் வரிசையில் இருந்து, தமிழர்களின் வாசிப்புப் பழக்கத்தைக் கண்டு தலையை ஆட்டி ஆட்டி வியந்தார். அண்ணை பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஒருவரும் இருமவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் கையில் பேனை வைத்திருந்தார்கள். பிறகு கேள்வி நேரம்.

நடுவில் இருந்து ஒருவர் எழும்பினார். "அண்ணை, உள்ளுக்குப் போறதெண்டால் எந்த மாநிலத்தால சுகம்?"

அண்ணையின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாத்தான் உள்ளுக்கு வந்தது. டெக்சாஸை எடுங்கோ. அது கொஞ்சக்காலம் வெளியில தனிய நிண்டிட்டுத்தான் உள்ளுக்குப் போனது."

"எவ்வளவு காலம் வெளியில நிக்க வேணும்?"

"ஒன்பது வருசம் நிண்டது."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. "அதுக்கு இஞ்சையே நிக்கலாமே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அலாஸ்காவால எப்பிடி?" என்று இன்னொருவர்.

"அது வேற கதை. அலாஸ்கா ரஷ்யாக்காரனிட்ட இருந்து வந்தது."

உடனே ஒரு சலசலப்பு. எங்களில் முக்கால்வாசிப் பேர் மொஸ்கோவில் விமானம் மாறிக் கிழக்கு பெர்லினால் வந்தவர்கள். "நான் அப்பவே சொன்னனான், ரஷ்யாக்காரனிட்ட இன்னொரு லைன் இருக்கெண்டு!" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்தார்.

ஒரு பெண் எழும்பினாள். "பிள்ளையளோட போகலாமோ அண்ணை?"

"மேற்கால போனவை முக்கால்வாசியும் குடும்பமாத்தான் தங்கச்சி போனவை. மூடின வண்டில்ல."

"மூடினதோ?"

"ஓம். மேல துணி போட்டு மூடினது. வழியில கஷ்டம்தான், பசி, வருத்தம். செத்தவையும் இருக்கினம்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டாள். மூடின லொறிகளில் வந்தவர்கள் அந்த மண்டபத்தில் பலர் இருந்தார்கள். நானும் யோகனும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று இன்றைக்கும் தெரியாது.

தேநீர் இடைவேளை. ரோல்ஸ் தட்டுகள் சுற்றி வந்தன. அப்போது ஷ்லீரன்காரர் ஒருவர் தோல் கோட்டோடு அண்ணையிடம் வந்தார். முன்பு ரயிலேறி வந்து இருபது புத்தகம் வாங்கியவர் இவர்தான். நான் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் தனித்தனியாச் செய்து என்ன பிரயோசனம்? சேர்ந்து செய்வம்."

அண்ணைக்கு ஒரு பதிப்பாளரே தேடி வந்துவிட்டார் என்ற சந்தோசம். "தாராளமா. ரெண்டாம் பாகத்துக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

"நான் ஆக்களைத் தாறன்."

"வாசகரோ?"

தோல் கோட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஓம், வாசகர் எண்டே வைப்பம். கிழமைக்கு எத்தினை வாசகரை நீங்கள் உள்ளுக்கு எடுப்பியள்?"

அண்ணை ரோல்ஸைக் கடித்த வாயோடு நின்றார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது போல. பிறகு மேசையில் கிடந்த தன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டையைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். விரலால் அந்த அம்பைத் தொட்டு, அது போகும் திசையில் ஒருதரம் தடவினார்.

"யோகன்" என்றார். யோகன் மண்டபத்துத் தூண் ஒன்றுக்குப் பின்னால் போய்விட்டான்.

அண்ணை மறுபடி மேடையில் ஏறினார். ஒலிபெருக்கி தேவையில்லாத குரலில் சொன்னார்: "ஒரு சின்ன விளக்கம். இந்தப் புத்தகத்தில அமெரிக்கா போற வழி இல்லை. அமெரிக்கா வந்த வழிதான் இருக்கு. ரெண்டாம் பாகத்திலயும் இல்லை. பிழையான நம்பிக்கையோட வாங்கின ஆக்கள் என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

முதலில் ஒருவரும் நம்பவில்லை. போதகர் இருப்பதால் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அண்ணை இரண்டாம் தரமும் சொன்ன பிறகுதான் கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. சிலர் கோபமாக எழும்பினார்கள். சிலர் மிச்ச ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு எழும்பினார்கள். "அப்ப இவ்வளவு பேரும் இதை ஏன் வாங்கினவை?" என்று ஒருவர் கேட்டார். அவரும் வாங்கியவர்தான்.

"ஒருத்தர்கூட வாசிக்கேல்லையோ?" என்று அண்ணை கேட்டார். கேட்டது எங்களையா, தன்னையா என்று தெரியவில்லை. அந்த நேரம் அவருடைய முகத்தை நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். அச்சகத்தில் கட்டுகள் எரிந்த கதையைச் சொன்ன நாளிலும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். கட்டையான, சுருட்டைத் தலைமுடிக்காரர். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், பெயர் தேவராசா. துன்னில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"நான் வாசிச்ச நான் அண்ணன்" என்றார். "பொய் சொல்லக் கூடா. நானும் வழிக்குத்தான் வாங்கின. பக்கம் பக்கமா வழியத்தான் தேடின. நடுவில அந்த நாட்டுக்குள்ள சண்டை வருது. அண்ணனும் தம்பியும் ரெண்டு பக்கம் நிண்டு சுடுறாங்க. அதுக்குப் பொறகு நான் வழியத் தேடல்ல. என்ன நடக்கப் போகுதெண்டுதான் வாசிச்ச."

வெளியே போகக் கிளம்பியவர்கள் கதவடியில் நின்றார்கள்.

"கடைசியில சண்டை முடிஞ்சிது எண்டு எழுதி இரிக்கீங்க. சரி. முடிஞ்ச அடுத்த நாள், தோத்த பக்கத்துச் சனம் வீட்டுக்குப் போனிச்சா? போக்குள்ள வீடு இருந்திச்சா? அடிமையா இருந்த சனம் எங்க போனிச்சு? அத எழுதாம, அடுத்த ஜனாதிபதிக்குப் போயிட்டீங்களே அண்ணன்."

அண்ணை மேடைப் படியில் அப்படியே இருந்துவிட்டார்.

"எனக்கு வடிவாத் தெரியாது தம்பி" என்றார். "பாத்துச் சொல்லுறன்."

விழா அவ்வளவுதான். போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசிப் பகுதி மிகவும் உணர்ச்சிகரமாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணை தட்டச்சுப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போவார், வருவார், படுப்பார். யோகனோடு அவர் பேசவில்லை. யோகன் மூன்று விதமான குழம்பு வைத்துப் பார்த்தான், பலிக்கவில்லை. இரண்டாம் பாகம் அவ்வளவுதான் என்று நினைத்தோம். யந்திரத்தின் மேல் யாரோ துவாய் காயப் போட்டபோதுகூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அந்தத் துவாயைக் கண்டுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மணி அடித்தது. தேவராசா. ஹோட்டலில் அவருக்கு அன்றைக்குத்தான் லீவு. துன்னில் இருந்து ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் புத்தகம், அதற்கு ஹோட்டல் மேசைவிரிப்புத் தாளில் அட்டை போட்டிருந்தார்.

"பாத்தீங்களா அண்ணன்?" என்றார், கதவடியில் நின்றபடியே.

அண்ணை போர்வையை விலக்கி எழும்பினார். "பாத்தனான்" என்றார். எங்களுக்கு அதிர்ச்சி. ஒருவருக்கும் சொல்லாமல், வேலை முடிந்து பேர்ண் நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனுசன். "வா, இரு. அது லேசான கதை இல்லை. வீட்டுக்குப் போனவை இருக்கினம். வீடு இல்லாமல் போனவைதான் கூட."

அன்று இருட்டும்வரை கதை நடந்தது. இடையில் அண்ணை திரும்பிப் பாராமலே, "யோகன், தேத்தண்ணி போடு" என்றார். யோகன் ஓடிய ஓட்டத்தில் கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டான்.

அடுத்த செவ்வாயும் தேவராசா வந்தார். கூட ஒருவரைக் கூட்டி வந்தார். பிறகு ஆறு பேர், பன்னிரண்டு பேர். வழி தேடி வாங்கியவர்களில் சிலரும் வந்தார்கள். "சும்மா கேப்பம் எண்டு" என்று வெட்கத்தோடு சொல்வார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை, எல்லாரும் போன பிறகு அண்ணை தன்னிடம் உண்மையான வழியைச் சொல்வார் என்ற நம்பிக்கையில் தாமதித்துத் தாமதித்துப் போவார். பனாமாக் கால்வாயைப் பற்றி அந்த மனிதர் கேட்ட கேள்விகள் போல் வேறு எவரும் கேட்டதில்லை. தென்னமெரிக்க நாடுகள், தீவுகள், யுத்தங்கள், ஒப்பந்தங்கள் என்று வெளியுறவுக் கொள்கை முழுவதும் எங்கள் சமையலறையில் வந்து இறங்கியது. ஏதோ ஒரு நூறு வருசத்துக்கு முந்திய வாக்கெடுப்புக்காக இரண்டு பேர் சண்டை பிடித்து, ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் ஒரு ஜனாதிபதியை 'எங்கட ஆள்' என்றே சொல்வார். அந்த ஜனாதிபதி அவருக்கு என்ன செய்தார் என்று கடைசிவரை விளங்கவில்லை.

ஒருநாள் தோல் கோட்டுக்காரரும் வந்தார். அவர் மூலையில் இருந்து, கோட்டைக் கழற்றாமல், முழுவதையும் கேட்டார். எழும்பும்போது சொன்னார்: "அண்ணை, எங்கட தொழிலில ஆக்களை ஏத்திவிடுறதோட சரி. போய்ச் சேர்ந்த பிறகு அவைக்கு என்ன நடந்ததெண்டு ஒருக்காலும் தெரியவாறேல்லை. நீங்கள் அதை எழுதுறியள் போல." பிறகு மிச்சம் இருந்த பெட்டிகளை எல்லாம் தான் எடுப்பதாகச் சொன்னார். தான் அனுப்புகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு பிரதி போட்டு அனுப்பினாராம். பயத்தில் இருக்கிற ஆளுக்கு வாசிக்க ஏதாவது வேண்டும்தானே என்றார். ஆக, 'உள்வழி' உண்மையாகவே அமெரிக்காவுக்குள் போனது, எழுதியவர்தான் போகவில்லை. என் கட்டிலும் பழைய உயரத்துக்கு இறங்கியது.

இரண்டாம் பாகம் எண்பதுகளின் கடைசியில் வந்தது. இந்த முறை அண்ணை மிகவும் கவனமாகத் தலைப்பு வைத்தார்: 'அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் வரலாறு.' அட்டையில் படம் இல்லை, அம்பு இல்லை, வரைபடம் இல்லை. ஒரு குழப்பத்துக்கும் இடமில்லாத புத்தகம். ஆகவே ஒருவரும் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள், அவ்வளவுதான். அண்ணை அதற்குக் கவலைப்படவும் இல்லை. "இந்தமுறை வாசிக்கிற ஆக்கள் மட்டும் வாங்கியிருக்கினம்" என்றார். பின்னாளில் கடவுச்சீட்டுக் கிடைத்து, ஒருதரம் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்தியபோதும் மறுத்துவிட்டார். "போனால் புத்தகத்தில பிழை கண்டுபிடிப்பன். திருத்த என்னிட்டச் சீவன் இல்லை."

அவர் காலமாகி இப்போது பல வருடங்கள். யோகன் வேறு நகரத்தில், வேறு வாழ்க்கையில். தேவராசா துன்னிலேயே இருக்கிறார். தொலைபேசி எடுத்தால் பேரப்பிள்ளை சுவிஸ் ஜெர்மனில் யார் என்று கேட்கிறது. அவரைக் கூப்பிட்டுத் தருவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வாசலில் சப்பாத்துகள் குவிந்துவிடும். உள்ளே இடமில்லாமல், படிக்கட்டில் இரண்டாம் மாடிவரை இறங்கும். கீழே இருந்த கிழவி, தனியாக இருந்த சுவிஸ்காரி, முதலில் வீட்டுக்காரரிடம் முறையிட்டாள். பிறகு நேரே வந்து எங்களைத் திட்டினாள். பனிக்காலம் தொடங்கி, சப்பாத்துகளில் இருந்து உருகிய தண்ணீர் படியால் வழிந்த நாளில் மறுபடி கதவைத் தட்டினாள். கையில் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை. "இதை அவற்றின் கீழ் போடுங்கள்" என்றாள். "இத்தனை பேர் கூடி என்ன செய்கிறீர்கள்? பிரார்த்தனையா?" நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "அமெரிக்க வரலாறு" என்றேன். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் மதியமே அவளாகவே பத்திரிகைகளைப் படியில் விரித்து வைத்துவிடுவாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவோடு புதியது நிற்கிறது. கதவில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தேன். வெள்ளைச் சுவர், ஒரு மின்தூக்கி, பொதுவழியில் பொருட்கள் வைக்கக் கூடாது என்று ஓர் அறிவித்தல். பக்கத்தில் படிக்கட்டு துடைத்து மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு படியிலும் ஒரு சோடிச் சப்பாத்து இல்லை.